மைக்ரோசாஃப்ட்: தேவிகுளமும் சித்தூரும் சொல்லும் பாடம்

புது தில்லி: மத்திய அரசு அலுவலகங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருள்களுக்கு மாற்று தேடும் முயற்சி 2025-ம் ஆண்டில் வேகமெடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தமிழகத்தில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனத்தின் அலுவலக மென்பொருள்களுக்குத் தாம் மாறுவதாக அறிவித்தார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தமது மின்னஞ்சலை அந்நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலும் அதே தளத்துக்குச் சென்றுள்ளது.

பெரும் வாடிக்கையாளர்களின் விருப்பம் இப்படி மாறினால் மைக்ரோசாஃப்ட் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வி இதனால் மீண்டும் எழுந்துள்ளது. இதற்கான விடையின் ஒரு பகுதி, ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே அந்நிறுவனத்தை வகுப்பறையிலிருந்து விலக்கிவிட்ட கேரளப் பள்ளிகளில் இருக்கிறது. குறிப்பாக, இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் தமிழ் வழியில் பயிலும் மாணவர்களுக்கு அந்த முடிவு வேறொரு பொருளையும் தந்தது.

கேரளத்தின் முடிவு: 2001-ம் ஆண்டில் "ஐ.டி. அட் ஸ்கூல்" திட்டம் தொடங்கப்பட்டபோது பள்ளிக் கணினிப் பாடம் விண்டோஸைச் சுற்றியே அமைந்திருந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பொருளை அரசே பாடமாக்குவதா என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தனர். 2006-ல் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான இடதுசாரி அரசு பொறுப்பேற்றதும் பள்ளிகள் லினக்ஸை நோக்கித் திருப்பப்பட்டன. அந்த ஆண்டு கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் கேரளம் வந்து சென்றதும் இந்த முடிவுக்கு உலகின் கவனத்தைப் பெற்றுத் தந்தது.

2011-ல் ஆட்சி மாறியது. காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அந்த முடிவைக் கைவிடவில்லை. 2016-ல் மீண்டும் ஆட்சி மாறியபோதும் அது தொடர்ந்தது. 2017-ல் உருவான "கைட்" என்ற அரசு நிறுவனம் இப்போது பள்ளிகளுக்கான லினக்ஸ் தொகுப்பைத் தயாரிக்கிறது. சுமார் 2 லட்சம் கணினிகளில் இது நிறுவப்படுவதால் ரூ. 3,000 கோடி வரை உரிமக் கட்டணம் மிச்சம் என்று 2019-ல் அந்நிறுவனம் மதிப்பிட்டது.

எல்லையோரத் தமிழர்கள்: பணத்தைவிட மொழியே எல்லைப் பகுதிகளுக்கு முக்கியம். 1956-ல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நீடித்தன. தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் அங்கு மொழிச் சிறுபான்மையினராயினர். சில ஆயிரம் தமிழ் வழி மாணவர்கள் எந்தப் பன்னாட்டு நிறுவனத்துக்கும் பொருட்படுத்தத்தக்க சந்தை அல்ல. ஆனால், மூல நிரல் திறந்திருக்கும் மென்பொருளைத் தமிழாக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2000-களின் தொடக்கத்திலேயே தமிழ்த் தன்னார்வலர்கள் லினக்ஸ் மேசைத்தளங்களைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டனர். கேரள அரசும் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களை மலையாளம், ஆங்கிலத்துடன் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுகிறது.

எல்லையின் இப்பக்கம்: தமிழகத்திலும் இதே காலத்தில் முயற்சி நடந்தது. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2006-07-ல் அரசுக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்ற முனைந்தார். அவர் அப்பொறுப்பிலிருந்து சென்ற பிறகு அந்த வேகம் நீடிக்கவில்லை. 2011-ல் ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இடம்பெற்றன.

இரு மாநிலங்களுக்கும் உள்ள வேறுபாடு கொள்கையில் அல்ல, அதைத் தாங்கியவர்களில் இருக்கிறது. தமிழகத்தில் ஒரு அதிகாரியின் உறுதி அதைச் சுமந்தது. கேரளத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பிற ஆசிரியர்களுக்குக் கற்பித்தனர். பாடநூலும் தேர்வும் லினக்ஸையே அடிப்படையாகக் கொண்டன. எனவே ஆட்சி மாற்றத்தால் அதை அசைக்க முடியவில்லை.

வீழாத நிறுவனம்: எனினும், இந்த இழப்புகள் மைக்ரோசாஃப்டை வீழ்த்தவில்லை. 2001-ல் அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயுடன் ஒப்பிட்டார். 2014-ல் பொறுப்பேற்ற சத்யா நாதெள்ளா, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்றார். 2016-ல் லினக்ஸ் அறக்கட்டளையில் அந்நிறுவனம் உறுப்பினரானது. அதன் "அஸூர்" மேகக் கணினிச் சேவையில் இயங்கும் மெய்நிகர் கணினிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று லினக்ஸில் ஓடுகின்றன. 2024 ஜனவரியில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

பெட்டியில் விற்ற மென்பொருளுக்குப் பதிலாக மாத வாடகை வசூலிக்கும் நிறுவனமாக அது மாறிவிட்டது. எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அது ஓடும் கணினி மையத்துக்கு வாடகை கிடைக்கிறது.

அதன் கணக்குகள் தவறியதும் உண்டு. செல்போன் சந்தையைப் பிடிக்க நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 2014-ல் வாங்கியது. மறு ஆண்டே 760 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. வரித் தகராறால் அந்தக் கைமாற்றத்தில் சேராமல் போன ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தனர். பெரும் நிறுவனங்கள் தவறான முடிவுகளிலிருந்து மீண்டுவிடுகின்றன. அவற்றைச் சார்ந்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நயாரா எச்சரிக்கை: சார்ந்திருப்பதன் அபாயம் 2025 ஜூலையில் மேலும் வெளிப்படையானது. ரஷியாவின் ரோஸ்நெஃப்ட் 49.13 சதவீதப் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதையடுத்து, குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. முழுப் பணம் செலுத்திய உரிமங்கள் இருந்தும் தனது தரவுகளே தனக்கு மறுக்கப்பட்டதாகக் கூறி நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாள்களில் சேவை திரும்பியது. ஆனால், இந்திய மண்ணில் இயங்கும் நிறுவனத்தின் அலுவலகப் பணியை வெளிநாட்டுத் தடை ஒன்று முடக்க முடியும் என்பது உறுதியானது.

எது மாற்று?: ஜோஹோவை நோக்கிய நகர்வுக்கு இதனால் கூடுதல் நியாயம் கிடைக்கிறது. எனினும், ஜோஹோவின் மென்பொருள்களும் மூடிய நிரல் கொண்டவையே. பூட்டின் சாவி எந்த நாட்டவரிடம் இருக்கிறது என்று தில்லி கேட்கிறது. சாவி பயனரிடம் இருக்கிறதா என்று கேரளம் கேட்டது. மின்னாளுமைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015-ல் மத்திய அரசு வகுத்த கொள்கையும் இரண்டாவது கேள்வியைத்தான் எழுப்புகிறது.

கேரளமும் முழுமையாகத் தப்பிவிடவில்லை. கரோனா காலத்தில் இணைய வகுப்புகளுக்காக 2021-ல் அம்மாநிலப் பள்ளிகள் கூகுளின் சேவையை நாடின. மேசையில் வென்ற சுதந்திரத்தை மேகக் கணினியில் தக்கவைப்பது கடினம் என்பதற்கு அதுவே சான்று. இதற்கிடையே, 2025 டிசம்பரில் இந்தியாவில் 1,750 கோடி டாலர் முதலீடு செய்வதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் நோக்கம் செயற்கை நுண்ணறிவும் கணினி மையங்களும்தான்.

எனவே மைக்ரோசாஃப்ட் பிழைக்குமா என்பதைவிட, அரசுகள் விலகும் உரிமையைத் தக்கவைக்குமா என்பதே முக்கியம். எந்த நிறுவனத்துக்குப் பணி தரப்பட்டாலும், தரவுகளைத் திறந்த வடிவில் திரும்பப் பெறும் உரிமை, சேவையை நிறுத்துமுன் அவகாசம், இந்திய நீதிமன்றத்தின் அதிகார வரம்பு ஆகியவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கூடவே, மாற்றத்தைக் கையாளத் தெரிந்த ஊழியர்களும் வேண்டும். அவர்களை உருவாக்கிய பிறகே தேவிகுளத்திலும் சித்தூரிலும் மாற்றம் நிலைத்தது.