காலுக்கு உணர்ச்சி வேண்டும்!

சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மரைத் தரிசிக்க வருகிறவர்கள், வெறுங்காலுடன் குன்றைச் சுற்றி வருகிறார்கள். முள் குத்தினால் "ஆ!" என்று காலைத் தூக்குகிறார்கள்.

முள் குத்தியும் ஒருவர் காலைத் தூக்காவிட்டால்? அவர் நடந்துகொண்டே இருப்பார். முள் உள்ளே போகும். புண் சீழ் பிடிக்கும். பிறகு எலும்பையும் தொடும். காலையே எடுக்க நேரிடலாம்.

தொழுநோயும் நீரிழிவும் நரம்பைக் கெடுத்து, உள்ளங்காலை இப்படி மரத்துப்போகச் செய்கின்றன.

தொழுநோயால் சதை தானே அழுகி விழுகிறது என்றுதான் ஒரு காலத்தில் உலகம் நம்பியது. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது இதே வட்டாரத்தில்! செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொழுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. 1940-களின் பிற்பகுதியில், வேலூர் டாக்டர் பால் பிராண்ட் செங்கல்பட்டுக்கு வந்தார். விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிடித்தார். அந்தப் பிடி இரும்புப் பிடியாக இருந்தது! சதை நன்றாக இருக்கிறதே, பின் ஏன் விரல் தேய்கிறது? வேலூரில் ஆராய்ந்து விடை கண்டார். வலி தெரியாததால் படும் காயங்களே காரணம்.

மெத்தென்ற ரப்பர் செருப்பு அதன் பிறகு வந்தது. பல கால்களைக் காத்தது, இன்றும் காக்கிறது. ஆனால் செருப்பு உணர்ச்சியைத் தராது.

அதைத் தர ஓர் ஆபரேஷன் இருக்கிறது. காலின் உள்பக்கமாகக் கணுக்காலுக்கு இறங்கும் தோல் நரம்பு ஒன்று உண்டு. அது கெடாமல் இருந்தால், அதை வெட்டி, உள்ளங்கால் நரம்போடு தைக்கிறார்கள். ஜபல்பூர் டாக்டர்கள் தொழுநோயாளிகளுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். புது நரம்பு இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். நரம்பை எடுத்த இடம் சற்று மரத்துப்போகும். போகட்டும், உடம்பைத் தாங்குவது உள்ளங்கால் அல்லவா! நீரிழிவில் பல நரம்புகள் சேர்ந்து கெடுவதால், இது எல்லோருக்கும் பொருந்தாது.

ஆகவே, மரத்த காலை முதலிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஒரகடம் வட்டாரத்துத் தொழிலாளி கனத்த பூட்சு போட்டு நாள் முழுவதும் நிற்கிறார். உள்ளே கிடக்கும் ஆணி மரத்த காலுக்குத் தெரியாது. தொழிற்சாலை மருத்துவப் பரிசோதனையில் உள்ளங்காலையும் சேர்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டால் போதும். சில நிமிஷ வேலை. பூட்சைக் கழற்றச் சொல்வதுதான் பாக்கி!