என்ஜினுக்கு எந்தக் கலர்?



பருப்பு விலையும் வரி விஷயமும் வரவேண்டிய பக்கத்தில் பழைய கார் எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் வீட்டிலோ குடோனிலோ அப்பா காலத்துக் கார் ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. இப்போது பிள்ளைகள் அதைத் தூசி தட்டி எடுத்துப் புதுப்பிக்க ஆசைப்படுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வேலை நடந்தது. பாடிக்கு என்ன கலர் என்பதில் ஒரு தகராறும் வரவில்லை. என்ஜினுக்கு என்ன கலர் அடிப்பது என்பதில்தான் மூன்று வாரம் வேலை நின்றது. அந்த மூன்று வாரத்தில் எனக்குத் தோன்றியது நம் தொழிலையும் தொடும் சங்கதி என்பதால் எழுதுகிறேன்.

கார் 1955 மாடல் மாரிஸ் மைனர். என் தகப்பனார் அதை வேறொருவரிடமிருந்து வாங்கி, வத்தல் மாதிரியும் பருப்பு மாதிரியும் ஏற்றிக்கொண்டு மண்டி மண்டியாகச் சுற்றியவர். அவர் காலத்துக்குப் பிறகு ஓடவில்லை. என் மகன் என்ஜினை இறக்கி, போர் அடித்து, பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றி முடித்தான். பெயிண்ட் அடிக்கும் கட்டத்தில் பட்டறை மேஸ்திரி, "அண்ணாச்சி, பளபளன்னு சிவப்பு அடிச்சு விடுவோம். பானெட்டத் தூக்கினா ஆளு அசந்து போயிருவான்" என்றார். மகனுக்கும் அதே ஆசை. பழைய கார் வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சிவப்பும் குரோமியமும் இருந்தால் விலை கூடும் என்று வேறு தூபம் போட்டுவிட்டுப் போனார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். கம்பெனியில் இருந்து வந்தபோது அது என்ன கலர்?

யாருக்கும் தெரியவில்லை. அறுபது வருடத்து எண்ணெயும் புழுதியும் அப்பி, என்ஜின் கரிச்சட்டி மாதிரி இருந்தது. இடையில் யாரோ வெள்ளி பெயிண்ட் வேறு பூசியிருக்கிறார்கள். ஆனால் டைனமோவைக் கழற்றியபோது, அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு இடம் அப்படியே இருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் கரும்பச்சை. பழைய என்ஜினில் அசல் கலர் தேடுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களில்தான் தேட வேண்டும். பிராக்கெட்டின் பின்புறம், பெட்ரோல் பம்பு உட்காரும் இடத்தின் ஓரம், நம்பர் பிளேட்டின் அடிப்பக்கம். கழற்றிய உடனே எல்லாவற்றையும் காஸ்டிக் தொட்டியில் போடச் சொல்லாதீர்கள். சாட்சியம் அதோடு போய்விடும்.

அந்தப் பச்சைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் ஆஸ்டின் கம்பெனியும் மாரிஸ் கம்பெனியின் நஃபீல்டு குழுமமும் 1952இல் ஒன்றாகச் சேர்ந்து பி.எம்.சி. ஆயின. ஆஸ்டின் 1951இல் கொண்டுவந்த 803 சி.சி. என்ஜின், இணைப்புக்குப் பிறகு மாரிஸ் மைனரிலும் ஏறியது. 'ஏ சீரிஸ்' என்று பெயர். அதன் வாரிசுகள் 2000ஆம் ஆண்டு வரை மினி காரில் ஓடின. மைனரில் அது பச்சையாக வந்தது. அதே பி.எம்.சி. தன் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்த 1489 சி.சி. என்ஜினுக்கு அரக்குச் சிவப்பு அடித்தது. நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியதும் அந்த 1489 சி.சி. குடும்பத்து என்ஜின்தான். பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் இது எந்த வீட்டுப் பிள்ளை என்று கலரே சொல்லிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பழைய என்ஜினைக் கம்பெனியே எடுத்துச் சீர்செய்து 'கோல்டு சீல்' என்ற பெயரில் திரும்ப விற்றது. அந்த என்ஜினுக்குத் தங்கக் கலர் அடித்தார்கள். இது புதிதல்ல, புதுப்பித்தது என்பது வாங்குகிறவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். செகண்ட் குவாலிட்டியை செகண்ட் என்று சாக்கிலேயே அச்சடித்து விற்கிற யோக்கியமான மில்காரர் மாதிரி!

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் செவர்லே, ஓல்ட்ஸ்மொபைல், பாண்டியாக், பியூக் என்று பல மார்க்குகள். ஒவ்வொன்றுக்கும் தனி என்ஜின், தனி கலர். 1955இல் வந்த செவர்லே வி-8 என்ஜினின் ஆரஞ்சு நிறம் உலகப் பிரசித்தம். பிறகு 1977 மாடல் வாக்கில் எல்லா மார்க்குக்கும் பொதுவாக ஒரு நீலம் கொண்டுவந்தார்கள். அதே 1977இல்தான், ஓல்ட்ஸ்மொபைல் என்று கூடுதல் மதிப்புக் கொடுத்து வாங்கிய கார்களில் பலவற்றில் செவர்லே என்ஜின் இருந்தது வெளியே வந்தது. சர்வீசுக்கு விட்டபோது ஓல்ட்ஸ்மொபைல் உதிரி பாகம் பொருந்தவில்லை. குட்டு உடைந்தது. இல்லினாய் மாநில அரசே வழக்குப் போட்டது. கடைசியில் வாங்கியவர்களுக்கு நஷ்டஈடும் கூடுதல் வாரண்டியும் கொடுத்துத்தான் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. செவர்லே என்ஜின் மட்டமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சரக்குதான். ஆனால் பொன்னி என்று பில் போட்டு வேறு நெல்லை அளந்தால், அந்த நெல்லும் நல்ல நெல்தான் என்று வாதாட முடியுமா?

கலர் சமாச்சாரத்தில் நம் மளிகைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துவரம் பருப்பில் மெட்டானில் மஞ்சள் ஏற்றினால் என்ன ஆகும், யார் ஜெயிலுக்குப் போவார்கள் என்று நமக்குத் தெரியும். பழைய பருப்பைப் புதுசாகக் காட்டவே அந்த மஞ்சள். எண்ணெய் கசிகிற என்ஜினுக்கு மேலே அடிக்கிற பளபளப்பையும் நான் அதோடுதான் சேர்ப்பேன். இந்த ஏ சீரிஸ் என்ஜினில் பக்கவாட்டு டேப்பெட் மூடிகளிலும், பின்பக்கம் கிராங்க் முடிகிற இடத்திலும் ஆயில் கசிவு சகஜம். அதைச் சரிசெய்யாமல் விற்பதற்காகப் பெயிண்டை அப்பினால், நாலு நாளில் தோல் உரிந்த மாதிரி பாளம் பாளமாக வந்துவிடும். அதற்குள் கார் கைமாறியிருக்கும்.

மகன் விடவில்லை. "நம்ம காருப்பா. நாம விக்கப் போறதில்ல. நமக்குப் பிடிச்ச கலர அடிச்சா என்ன தப்பு?" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர் ஊதா அடித்தாலும் கேட்க ஆளில்லை. ஆனால் கார் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். என்றைக்காவது கைமாறும். வாங்குகிறவன் சிவப்பைப் பார்த்து அதுதான் அசல் என்று நம்புவான், அல்லது வேறு என்ஜினோ என்று சந்தேகப்படுவான். இரண்டுக்கும் நாம்தான் காரணம். ஆகவே பிடித்த கலர் அடிப்பவர்கள், இன்ன வருடம் இன்ன கலர் மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. டீசல் ஓட்டத்துக்காகப் பழைய காரில் வேறு என்ஜின் மாட்டியவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அந்த என்ஜினுக்கு மைனர் பச்சை அடித்தால் அது மெட்டானில் மஞ்சளுக்கு அண்ணன். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யையும் ஒத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒத்திருந்தது. அப்பாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனப் பதிவுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டி, அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 என்று அந்த விதியில் கட்டணம் வைத்தார்கள். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். அப்படிப் பதிந்த வண்டியை வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதையும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கடை விளம்பரம் எழுதிச் சரக்கு ஏற்றலாம் என்று நினைத்தவர்கள் மறந்துவிடுங்கள். பெயிண்ட் கலரை விதி குறிப்பிடவில்லைதான். என்றாலும் அசல் என்று கையெழுத்துப் போடுகிறவன் கலரில் மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்?

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாக்கை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, காய வைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்தோம். வார்ப்பிரும்பு ஒரு ராத்திரியில் துரு கட்டும். கேஸ்கெட் உட்காரும் முகங்களை எல்லாம் டேப் ஒட்டி மறைத்தோம். எர்த் வயர் பூட்டும் இடத்தில் பெயிண்ட் படக் கூடாது, பட்டால் கரண்டு பாயாது. ஸ்டார்ட் ஆகாத காருக்கு பாட்டரியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சுவர்ப் பெயிண்டோ கேட் பெயிண்டோ ஆகாது, என்ஜின் எனாமல்தான் வேண்டும். மெல்லிசாக இரண்டு மூன்று கோட்டு. எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் அந்தப் பச்சையை அடிக்கவே கூடாது. அங்கே சூடு பல நூறு டிகிரி ஏறும், கருகி நாறும். அதற்கு உயர்வெப்பப் பெயிண்ட் தனி. நாங்கள் எதுவும் அடிக்காமல் விட்டுவிட்டோம்.

பச்சையைக் கலந்தெடுக்கத்தான் பாடுபட்டோம். கடைக்காரர் நாலு தடவை கலந்தார். நிழலில் பார்த்தால் ஒன்று, வெயிலில் பார்த்தால் ஒன்று. பிராக்கெட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துப் பார்த்து, ஐந்தாவது கலவையில் ஒத்து வந்தது. மேஸ்திரி பூசி முடித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

டப்பாவில் கால் லிட்டர் மிச்சம் இருக்கிறது. கலந்த அளவைக் கடைச் சிட்டையில் குறித்து வைத்திருக்கிறேன். யாராவது மைனர் புதுப்பித்துக்கொண்டிருந்தால் வந்து மாதிரி பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு மத்தியானம் மட்டும் கடை கிடையாது.