'எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்' என்பது வைத்தியமா?

அன்பு மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

போனில் ஆபீஸ் மெயில் வரவில்லை என்று யாராவது சொன்னால் போதும், உங்களிடம் ஒரே வைத்தியம்தான். "செட்டிங்ஸ்ல 'எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்'னு போடுங்க, வந்துடும்." வரும்தான். பூட்டைக் கழற்றிவிட்டால் கதவு திறக்காமல் போகுமா?

சான்றிதழ்தான் சர்வரின் அடையாள அட்டை. அதைப் பார்க்காவிட்டால், ரயில் நிலைய வைஃபையில் நடுவே புகுந்தவன் "நான்தான் சர்வர்" என்பான்; போனும் பாஸ்வேர்டை அவனிடம் நீட்டிவிடும். "என் மெயிலை யார் படிக்கப்போறா?" என்கிறீர்கள். படிக்கவே வேண்டாம். உங்கள் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அந்த மெயிலுக்குத்தானே வருகிறது?

மெயில் வாங்க ஐமேப், போர்ட் 993. அனுப்ப 465 அல்லது 587. சர்வர் பெயரைப் பிழையில்லாமல் அடியுங்கள். போனில் தேதி சரியா என்றும் பாருங்கள். (தேதி தப்பினாலும் எச்சரிக்கை வரும்.)

அப்புறமும் எச்சரிக்கை வந்தால், கோளாறு பெரும்பாலும் சர்வரில்தான். காலாவதியான சான்றிதழாக இருக்கலாம், அல்லது சர்வர் தனக்குத்தானே கையெழுத்திட்டதாக இருக்கலாம். நன்னடத்தைச் சான்றிதழில் மாணவனே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தால் நான் வாங்கியிருப்பேனா?

செலவாகும் என்ற சாக்கும் செல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் இலவசமாகவே தருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் வழி உண்டு. கம்பெனிகளில் சர்வர் பார்க்கும் என் மாணவர்களே, முதலில் அதைச் செய்யுங்கள். அதுவரை யாரிடமும் 'ஏற்றுக்கொள்' என்று சொல்லாதீர்கள்.