விலை சொல்லும் வாய்

கம்பம் பக்கத்து ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது போய், "கிலோ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். "வியாபாரி வரட்டும்" என்பார்கள். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, கவாத்து வெட்டி, மருந்தடித்து, மாசக்கணக்கில் காத்துக் கிடந்தவருக்குத் தன் பழத்தின் விலை தெரியாது. காலையில் பைக்கில் வந்து இறங்குகிறவருக்குத் தெரியும்.

போன வாரம் சித்தப்பாவின் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். வியாபாரி பந்தலுக்குள் குனிந்து வந்தார். ஒரு குலையைப் புரட்டிப் பார்த்தார். ரெண்டு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினார்.

"மூட்டமா இருக்குண்ணே. முப்பது போட்டுக்கலாம்."

"முந்தாநாள் மேத்தோட்டத்துக்கு முப்பத்தாறு போட்டிருக்க. முப்பத்தி மூணாவது போடுப்பா."

"முந்தாநாள் கேரளாவுல மழை இல்லண்ணே. இப்ப கொட்டுது, எவன் பழம் வாங்குறான்? வேணாம்னா சொல்லுங்க, அடுத்த தோட்டத்தப் பாக்குறேன்."

சித்தப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. பழுத்த குலையில் ஒரு மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும். அப்புறம் முப்பதும் இல்லை, மூன்றும் இல்லை. முப்பத்தொன்றுக்குப் பேச்சு முடிந்தது. கத்தரியோடு ஆட்கள் பந்தலுக்குள் நுழைந்தார்கள்.

இந்தப் பழத்தை 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு வந்தபிறகும் விலை சொல்லும் வாய் மாறவில்லை.

பொருளாதார அமைப்புகளை ஒப்பிடும் பாடப்புத்தகங்கள் முதலாளித்துவம், சமத்துவம், கலப்புப் பொருளாதாரம் என்று கட்டம் போட்டு வைத்திருக்கின்றன. கட்டத்தில் முதலில் வரும் கேள்வி, சொத்து யாருடையது என்பது. எனக்கு அதில்தான் தகராறு. சித்தப்பாவுக்கு நிலம் சொந்தம், கொடி சொந்தம், பேங்க் கடனும் சொந்தம். அவர் கையில் இல்லாதது விலை ஒன்றுதான். ஆகவே நான் கட்டத்தை வேறு மாதிரி போடுகிறேன்: இந்த இடத்தில் விலையை யார் சொல்கிறார்கள்?

அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் மத்தியானத்துக்குள் நாலு நாட்டுக்குப் போய்வந்துவிடுகிறான். விடியற்காலையில் பால் சொசைட்டி. அங்கே விலை சொல்வது கொழுப்பு பார்க்கும் மெஷின். லிட்டருக்கு இவ்வளவு என்று அதற்கு மேலே அரசாங்கம் எழுதிவைத்திருக்கிறது. மாட்டுக்காரர் மெஷினோடு சண்டை போட முடியாது என்பதால் அதை வைத்திருப்பவரோடு போடுவார். அடுத்தது ரேஷன் கடை. போர்டிலேயே 'நியாய விலைக் கடை' என்று எழுதிவிட்டார்கள். வேறெந்தக் கடைக்காரருக்கும் அந்தத் தைரியம் வந்ததில்லை. அங்கே அரிசி விலை 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் என்று ஆனது, 2011 ஜூன் முதல் அதுவும் இல்லாமல் போனது. இந்தியாவில் மற்ற இடங்களில் 1997ல் ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்தது. அதைக் கேலி செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திராட்சை படுத்துப்போன வருஷம் ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது எதனால் என்று அவர்களுக்குத் தெரியாது.

உழவர் சந்தையையும் சொல்ல வேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது. கம்பத்திலும் ஒன்று இருக்கிறது. அதிகாரிகள் மொத்த விலையையும் சில்லறை விலையையும் விசாரித்து, இரண்டுக்கும் நடுவே ஒன்றைக் காலையில் பலகையில் எழுதுவார்கள். கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் நல்ல ஏற்பாடு. தோட்டம் முழுக்க ஒரே வாரத்தில் பழுத்துத் தொங்கும் திராட்சையை அங்கே கொண்டுபோய்க் கூறு கட்டி உட்கார முடியாது.

ஏலக்காய்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மலைமேல் விளைகிறது, போடியில் கம்ப்யூட்டர் ஏலத்துக்குப் போகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல அறையில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்து பொத்தானை அழுத்த அழுத்த எண் ஏறும். 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் நாசமான பிறகு, 2019 ஆகஸ்டில் கேரளா பக்கத்து ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டது. ஏலமுறைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உலர்ந்த காயை மூட்டை கட்டி வீட்டில் போட்டுவைக்கலாம். விலை பிடிக்கவில்லை என்றால் காத்திருக்கலாம். காத்திருக்கத் தெம்பு இருக்கிறவன் வாயில்தான் விலை வரும். முதலாளித்துவம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் காய்க்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று.

விலையை வியாபாரியிடம் விடவே கூடாது என்று முடிவெடுத்த தேசமும் இருந்தது. சோவியத் ஒன்றியத்தில் விலைக்கென்றே அரசுக் குழு ஒன்று மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தது. அங்கே பல சாமான்களில் விலையை ஒட்டுவதில்லை, உலோகத்திலேயே வார்த்துவிடுவார்கள். 1991ல் நாடு போனபிறகும் பாத்திரத்தின் அடியில் ரூபிளும் கோப்பெக்கும் அழியாமல் இருந்தன.

ஆனால் விலையை நிரந்தரமாக எழுதுவதில் வெள்ளைக்காரனை யாரும் மிஞ்ச முடியாது. முல்லைப் பெரியாறு அணைக்கான ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. திருவிதாங்கூர் மகாராஜாவின் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய், 999 வருஷத்துக்கு. எங்கள் வியாபாரி சொல்லும் விலை அன்றைக்குச் சாயங்காலம் வரை தாங்காது. இவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு ஒன்று குறைவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். 1970ல்தான் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. 1895 முதல் வந்த அந்தத் தண்ணீரில் இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டிக் கும்பிடுகிற ஊர்கள் இவை. நானும் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் அந்த விலையைச் சொன்னபோது மகாராஜாவும் சித்தப்பா மாதிரி ஒருதரம் வானத்தைப் பார்த்திருப்பார் என்று தோன்றும்.

என்னைப்போலக் கட்டத்தை வேறு மாதிரி போட்டவர் முன்னாலேயே ஒருவர் உண்டு. மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். ஆனால் பொருளாதாரங்களை வகை பிரிக்கக் காசைத் தொடவே இல்லை. 1945ல் காந்தியின் முன்னுரையோடு வந்த 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்' நூலில் மிருகங்களைக் கூட்டிவந்தார். கொன்று தின்னும் புலி, நடாமலே பறித்துத் தின்னும் குரங்கு, தானே கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ, ஒன்றும் எதிர்பார்க்காத தாய் என்று ஐந்து வகை. சொத்து யாருடையது என்பதற்குப் பதில், எடுத்ததற்கு ஈடாக என்ன திரும்பப் போகிறது என்று கேட்டார்.

அந்தக் கட்டத்தில் எங்கள் வியாபாரியை எங்கே வைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். குரங்கு என்று சொல்லிவிடலாம், சித்தப்பா சந்தோஷப்படுவார். ஆனால் போன கவாத்துக்கு மருந்து வாங்கக் கையில் காசில்லாதபோது முன்பணம் கொடுத்தது அந்த ஆள்தான். லோடு வழியில் அழுகி நஷ்டப்பட்ட கதைகளும் அவரிடம் உண்டு. அந்த முன்பணம்தான் சித்தப்பாவை அடுத்த வியாபாரியிடம் போகவிடாமல் கட்டிப்போட்டது என்பதும் உண்மை. தேனீக்குக் கொடுக்கு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

புத்தகக் கட்டம் எதிலும் அடங்காத ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது: செய்முறை, அதாவது மொய். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எங்கள் ஊரில் புதுநன்மை (முதல் நற்கருணை) என்று எல்லாவற்றுக்கும் பந்தல் வாசலில் மேஜை போட்டு ஒருவர் நோட்டு எழுதுவார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கோர்ட்டு கிடையாது. வாங்கினதைவிடக் கொஞ்சமாவது கூட்டிச் செய்ய வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அப்பா இறந்தால் நிலத்தோடு நோட்டும் மகனுக்கு வரும். இங்கே தொகையைச் சொல்வது செய்கிறவன். எவ்வளவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வாங்குகிறவனுக்கு உரிமை கிடையாது.

பழம் ஏற்றி முடிந்து வண்டி கிளம்பும்போது வியாபாரி சித்தப்பாவிடம் ஒரு பத்திரிகையை நீட்டினார். மகளுக்குச் சடங்கு. குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றார். சித்தப்பா மஞ்சள் தடவிய முனையைத் தடவிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "எவ்வளவு செய்வீங்க சித்தப்பா?"

"இருப்பா. நம்ம மூத்தவ கல்யாணத்துக்கு அவன் என்ன செஞ்சான்னு நோட்டப் பாக்கணும்."