நாயைப் பார்த்துக்கொள்வது யார்?

கேள்வி: “எங்களுக்கு மூணு ஏக்கர் தோட்டம். போர் தண்ணி வருசத்துக்கு வருசம் குறையுது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன், தோட்டத்தில் நாய் போர்டிங் தொடங்கலாம் என்கிறான். டவுனுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது நாயை விட்டுப் போவார்களாம், நாளுக்கு இவ்வளவு என்று காசாம். பெரிய வேலை ஒன்றும் இருக்காது. வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். ஷெட் போட எவ்வளவு இடம் வேண்டும், எத்தனை அறை கட்டலாம் என்று எழுதுங்கள்.”
— ஒரு வாசகர், அன்னூர் பக்கம்

பதில்: அறை அளவு பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுதிய கடைசி வரிகளுக்கு முந்தைய வரியைப் பேசிவிடுவோம். “வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.” இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான். எங்கள் குடும்பமும் இதே தொழிலில் இருப்பதால், ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

காலை ஐந்து மணிக்கு ஒரு நாய் குரைத்தால் எல்லாம் எழுந்துகொள்ளும். ஒவ்வொன்றாகக் கயிற்றில் பிடித்து வெளியே நடத்த வேண்டும். வெவ்வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து அவிழ்த்துவிட்டால் சண்டை நிச்சயம். எட்டு நாய் இருந்தால் எட்டு நடை. அப்போதே எது இளகலாகப் போகிறது, எதற்குச் சிறுநீர் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கறவை மாட்டுக்குச் சாணத்தைப் பார்த்தே உடம்பைச் சொல்லுவோமே, அதே கண்தான்.

அடுத்தது கழுவுதல். கழிவை முதலில் வழித்து எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, அதன்பிறகு ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பினாயில் வாசம் வந்தால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமிக்கு அது போதாது. அந்தக் கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஏழரைக்குச் சாப்பாடு. வீட்டில் என்ன சாப்பிட்டதோ அதையே உடையவர் கொண்டுவந்து தர வேண்டும். தீனி திடீரென்று மாறினால் வயிற்றுப்போக்கு வரும். நம் வீட்டுச் சாம்பார் சோற்றை அன்போடு போட்டுவிடக் கூடாது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டுமே நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் ஆகியவையும் ஆகாது. வந்த முதல் நாள் சில நாய்கள் தட்டைத் தொடாது. புது இடம் என்ற ஏக்கம் அது. ஆனால் ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒன்பது மணிக்கு மேல் போன். “எங்க டாமி சாப்பிட்டானாங்க? ஒரு போட்டோ அனுப்புங்க” என்பார்கள். சிலர் வீடியோ காலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குரல் மட்டும் வந்து ஆளைக் காணாமல் அந்த நாய் அரைமணி நேரம் அழும். இதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை மதிய வேளை தனிக் கவலை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாய் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களும், அடர்ந்த முடி உள்ள ஹஸ்கியும் சீக்கிரம் துவண்டுவிடும். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தகரக் கூரை மட்டும் போட்டால் அடுப்புதான். ஓடு அல்லது தென்னங்கீற்று வேய்ந்து, காற்றாடி வைத்து, வேப்பமர நிழலில் அமைப்பது நல்லது.

மாலையில் மறுபடி நடை, சாப்பாடு, மருந்து. இரவு பத்து மணிக்கு ஒரு சுற்று. நடுச்சாமத்தில் ஒன்று விடாமல் குரைத்தால் பாம்பா, வயிற்று வலியா என்று டார்ச்சோடு போய்ப் பார்க்க வேண்டும். மாடு காலையும் மாலையும் நம்மைக் கட்டிப்போடும். நாய் விடுதி ராத்திரியையும் சேர்த்துக் கட்டிப்போடும். ஊரே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிளம்பும் நாளில்தான் நமக்கு அறை நிரம்பும். முகூர்த்தமும் மே மாத விடுமுறையும் அப்படித்தான். உங்கள் மருமகளுக்குத் தாய்வீட்டுப் பொங்கல் இல்லை என்று அர்த்தம். அதை அவரிடம் கேட்டீர்களா?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், மொத்தம் எட்டு அறை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதி விலை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வருடத்தில் 100 நாள் எட்டு அறையும் நிரம்பினால் 4,00,000. மீதி 265 நாளும் சராசரியாக இரண்டு நாய் இருந்தால் 2,65,000. ஆக வரவு 6,65,000. மின்சாரம், மருந்து, சுத்தம் செய்யும் பொருட்கள், பழுதுபார்ப்பு, கடன் வட்டிக்கு மாதம் 10,000 வீதம் 1,20,000 போனால் மீதி 5,45,000. உங்கள் மகன் உங்களிடம் காட்டிய கணக்கு இங்கேயே முடிந்திருக்கும்.

அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு பேர் முழு நாள் உழைப்பு. ஆளுக்கு நாள் கூலி 500 என்றால் வருடத்துக்கு 3,65,000. அதையும் கழித்தால் மிஞ்சுவது 1,80,000, மாதம் 15,000.

நிரம்பும் நாள் 60 ஆகி, மற்ற நாட்களில் ஒரே ஒரு நாய் என்றால் வரவு 3,92,500. செலவு 1,20,000 போக 2,72,500 கையில் நிற்கும். லாபம் என்றுதான் தெரியும். ஆனால் அது இரண்டு பேரின் கூலிக்கே 92,500 ரூபாய் குறைவு. அந்தத் தொகையை வீட்டுப் பெண்கள் தங்கள் உடம்பால் ஈடுகட்டியிருப்பார்கள். பால் கணக்கிலும் நாம் இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறோம். புதுத் தொழிலிலாவது கூலியை முதல் வரியில் எழுதுங்கள். மாதா மாதம் அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

அப்படியும் தொடங்குவதானால் சில விஷயங்கள்:

அறை: முதல் வருடம் நான்கு போதும். பெரிய நாய்க்கு உள்ளே 5 அடிக்கு 8 அடி, முன்னால் காலார நிற்க ஒரு வெளி. சுவரை வெடிப்பில்லாமல் பூசுங்கள். நாய் உண்ணி சுவரேறி வெடிப்புக்குள் முட்டையிடும். பருத்திக்கு வாங்கிய மருந்தை உண்ணிக்கு அடிக்கவே கூடாது.

இரட்டைக் கதவு: ஒரு கதவைச் சாத்திய பிறகே அடுத்த கதவைத் திறக்கும்படி அமையுங்கள். இந்தத் தொழிலில் மிகப் பெரிய கெட்ட பெயர், நாய் ஓடிப்போவது. தீபாவளி வெடிச் சத்தத்தில் சாதுவான நாயும் ஆறடி வேலியைத் தாண்டப் பார்க்கும்.

மின்சாரம்: விவசாயத்துக்கான இலவச இணைப்பில் மோட்டார் ஓட்டி விடுதி கழுவக் கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள். ஊராட்சியிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குட்டி போடவைத்து விற்பது வேறு தொழில். அதற்கு 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். இரண்டையும் ஒரே கொட்டகையில் குழப்ப வேண்டாம்.

வாசல்: தடுப்பூசி அட்டை இல்லாத நாய் உள்ளே வரக் கூடாது. வெறிநோய் ஊசி, பார்வோவும் டிஸ்டெம்பரும் எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டு ஊசி இரண்டும் ஒரு வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். “நேத்துத்தானுங்க போட்டோம்” என்றால் போதாது. முதல் ஊசி என்றால் எதிர்ப்புச் சக்தி வர மூன்று, நான்கு வாரம் ஆகும். பருவத்தில் இருக்கும் பெண் நாயையும் எடுக்காதீர்கள், மற்றவை கட்டுக்கு நிற்காது. சொந்தக்காரர் கொண்டுவந்தாலும், ஊர்ப் பெரியவர் சிபாரிசு செய்தாலும் இதே பேச்சுதான். இங்கே கண்ணோட்டம் பார்த்தால் மற்ற ஏழு வீட்டு நாய்க்கும் நாமே நோய் கொடுத்தவர்கள் ஆவோம்.

எழுத்து: உடையவர் பெயர், இரண்டு போன் எண், அவருடைய டாக்டர், திரும்பி வரும் தேதி, அவசரத்தில் வைத்தியத்துக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம் என எல்லாம் கையெழுத்தோடு வேண்டும். சிலர் விட்டுப் போனவர்கள் வரவே மாட்டார்கள். வீடு மாறியிருப்பார்கள், நாய்க்கு வயதாகியிருக்கும், போன் அணைந்திருக்கும். தினமும் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்த நாய்க்கு நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு அறையும் சோறும் ஒதுக்க முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

கிழட்டு நாய் நம் பொறுப்பில் இருக்கும்போதே இறப்பதும் நடக்கும். உடனே கால்நடை டாக்டரை அழைத்துக் காரணத்தை எழுதி வாங்கி, உடையவருக்கு நம் வாயால் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மகனைப் பார்க்கப் போன வயதான தம்பதிக்கு அந்தப் போனைச் செய்யும் தைரியம் உள்ளவர் உங்கள் வீட்டில் யார்? பெரும்பாலும் அந்தப் பெண்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பதிலை முதலில் அவர்கள் படிக்கட்டும். அவர்கள் சரி என்றால் நான்கு அறைக்கு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

கேள்வி: “எங்கள் ஆட்டுப்பட்டிக்கு அருகில் நாய் விடுதி வரப்போகிறது. மேச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே நாய் என்றாலே பயமாக இருக்கிறது. தடுக்க முடியுமா?”
— ஒரு வாசகி, காங்கயம் பக்கம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இரவில் பட்டிக்குள் நாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து இழப்பீடு கேட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் அவை காவலின்றித் திரிந்த நாய்கள். ஒழுங்காக நடக்கும் விடுதியில் நாய் கயிறில்லாமல் வெளியே வராது. சண்டைக்குப் போவதற்கு முன் உரிமையாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இரட்டைக் கதவும் உயர்ந்த வேலியும் உண்டா, எல்லா நாய்க்கும் வெறிநோய் ஊசி உண்டா, கழிவு எங்கே போகிறது?

மூன்றாவதுதான் பலருக்குத் தோன்றாதது. நாயின் நாடாப்புழு முட்டைகள் கழிவு வழியாகப் புல்லில் விழுந்து, ஆடு அதை மேய்ந்தால், மூளையில் நீர்க்கட்டி வளரும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கண் மங்கி, விழும். அந்த ஆட்டுத் தலையைப் பச்சையாக நாய் தின்றால் புழு மீண்டும் நாய்க்குப் போகும். மாட்டில் கன்று விசிறச் செய்யும் ஒரு கிருமியும் நாய்க் கழிவு வழியே பரவும். ஆகவே நாய்க் கழிவு கொரங்காட்டுக்கும் தீவனப் பயிருக்கும் எருக்குழிக்கும் வரக் கூடாது. தனிக் குழியில் மூட வேண்டும். விடுதி நாய்களுக்கும் உங்கள் பட்டி நாய்க்கும் முறையாகப் புழு மருந்து கொடுக்க வேண்டும். எந்த நாய்க்கும் பச்சைத் தலைக்கறி, குடல் போடக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்பவர் நல்ல அண்டைத் தோட்டக்காரர். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஊராட்சியில் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: “விடுதியில் வேலைக்குப் போகும் என் தங்கையை ஒரு நாய் லேசாகக் கடித்துவிட்டது. ஊசி போட்ட நாய்தான் என்கிறார்கள். விட்டுவிடலாமா?”
— ஒரு வாசகி, பேரூர்

பதில்: விட்டுவிடக் கூடாது அம்மணி. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நாயின் தடுப்பூசி அட்டையையும் காட்டி, டாக்டர் சொல்லும் ஊசிகளை ஒன்றுகூட விடாமல் போட வேண்டும். அந்த நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை; வருவதற்கு முன் தடுக்க வழி உண்டு. நம் மலை மேலேயே குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம் 1907-இலிருந்து இந்த நோய்க்காக இயங்கிவருகிறது. நூறு ஆண்டுக்கு மேலாகக் கைக்கெட்டிய தூரத்தில் மருந்து இருந்தும் ‘லேசான கடிதானே’ என்று இருப்பதில் அர்த்தமில்லை.

நாயோடு தினமும் பழகும் வேலையாட்களுக்குக் கடிபடும் முன்பே போடும் தடுப்பூசி உண்டு. அதன் செலவு விடுதி நடத்துபவருடையது. தங்கையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.