காய்வதற்குள் இன்னொன்று

அலமாரியின் மேல்தட்டில் இறக்கை ஒட்டப்படாத ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம். பக்கத்தில் சக்கரம் மாட்டாத டாங்கி. கீழ்த்தட்டில் பாய்மரத்துக்காகக் காத்திருக்கும் கப்பல். பிளாஸ்டிக் மாடல் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் வீடுகளில், அது பெங்களூரானாலும் பர்மிங்ஹாம் ஆனாலும், இந்தக் காட்சி சகஜம். வீட்டிலுள்ளவர்கள் கேட்பதும் எங்கும் ஒன்றுதான்: "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாதா?"

கேள்வி நியாயமானது. பதிலிலும் ஓரளவு நியாயம் உண்டு. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைப் பையில் போட்டு மலிவாக விற்ற நாளிலிருந்து உள்ளே இருக்கும் சரக்கு பெரிதாக மாறிவிடவில்லை. சட்டத்தோடு வார்த்த பாகங்கள், ஒரு விளக்கத்தாள். 1/72 அளவு என்றால் நிஜத்தில் ஆறடி, மாடலில் ஓர் அங்குலம். விமானி அமரும் அறைக்குள் வண்ணம் பூசி, அது காய்ந்த பிறகுதான் உடலின் இரு பாதிகளையும் ஒட்ட முடியும். ஒட்டிய இடுக்கில் பட்டி வைத்தால் அது இறுகும்வரை உப்புத்தாளை எடுக்கக்கூடாது. எனாமல் பெயிண்டுக்கு ஓர் இரவாவது வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் காத்திருப்பு. சும்மா இருக்க முடியாத கை இரண்டாவது பெட்டியைத் திறக்கிறது.

அதுவரை குற்றமில்லை. மூன்றாவது பெட்டியின் கதைதான் வேறு. முதல் விமானத்தில் இனி பாக்கியிருப்பது அலுப்பூட்டும் வேலை. புதுப் பெட்டியின் அட்டைப்படமோ கண்ணைப் பறிக்கிறது. இங்கே பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்டது. காயாதது செய்பவரின் மனசு.

வேலை கேட்கும் காத்திருப்பு எது, ஆள் தேடும் சாக்கு எது என்று பிரித்துப் பார்க்க விரும்புபவர்கள் திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் போதும். தமிழர்களுக்குக் காளஹஸ்தி என்றால் வாயுத்தலம், கண்ணப்பர், ராகு-கேது பரிகாரம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன் பிறகு புதிய திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் இந்த ஊரில் கலம்காரி ஓவியர்கள் பிழைப்பதே பல வேலைகளைப் பாதியில் நிறுத்திவைத்துத்தான். மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் மர அச்சால் துணியில் ஒற்றுகிறார்கள். காளஹஸ்தியில் எல்லாம் கைதான். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, அதன்மேல் கம்பளி சுற்றிய 'கலம்' ஒன்றே ஆயுதம்.

வெள்ளைத் துணி ஓவியமாவதற்குப் பதினேழு கட்டங்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் கலம் பேசுவது கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் ஊறுதல், காய்தல், கொதித்தல், வெளுத்தல். முதலில் காடாத் துணியை அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். பிறகு கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயப்போட வேண்டும். பாலின் கொழுப்பு, மை கசிந்து பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்து, அதன்மேல் கறுப்புக் கோடு இழுப்பார்கள். கறுப்பு என்றாலும் அது கடைக் கறுப்பு அல்ல. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு ஏறக்குறைய மூன்று வாரம் புளிக்கவைத்த நீர். பானையில் இருக்கும்போது அது கறுப்பாகக்கூட இருக்காது. துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்பில் பட்டதும் கறுக்கிறது. பட்ட கோட்டை அழிக்க வழியில்லை. ராமன் மூக்கு கோணினால் கோணியதுதான்.

சிவப்பு இன்னும் நிதானமான சமாச்சாரம். சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தடவி அப்படியே விட்டுவைக்க வேண்டும். பிறகு ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். மிச்சப் படிகாரம் போகாவிட்டால் சிவப்பு எல்லை தாண்டிப் படரும். அலசிய துணியை மஞ்சிட்டி, சாயவேர் போன்ற சாயச்சரக்கோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் நிறம் பிடிக்கும். மற்ற இடங்களில் ஒட்டிய அழுக்கு நிறம் போகச் சாணநீரில் ஊறவைத்து வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளிக்க வேண்டும். மறுபடி பால், மறுபடி வெயில். அதற்கப்புறம் மஞ்சள், கடைசியில் அவுரி நீலம். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. மஞ்சளும் நீலமும் சேரும் இடமே பச்சை.

இந்த வரிசையில் எதையும் முன்பின்னாக மாற்ற முடியாது, குறுக்குவழியும் இல்லை. ஒரே துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓவியர் மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே ஒரு துணி கடுக்காயில் நனையும்போது இன்னொன்றில் கோடு ஏறுகிறது. மூன்றாவது அலசலுக்குக் காத்திருக்கிறது. கொப்பரையை ஒரு துணிக்காகப் பற்றவைத்தால் விறகுக்குக் கட்டுப்படியாகாது. எனவே பல துணிகள் ஒன்றாக வேகும்.

மாடல் விமானத்தைப் பாதியில் விட்டவருக்கு நஷ்டம் கொஞ்சம் மானம்தான். இங்கே பாதித் துணி என்பது முடங்கிய முதல். துணி, பால், விறகு, உதவியாளர் கூலி எல்லாம் அதற்குள் போயாகிவிட்டது. போதாக்குறைக்குக் கால அட்டவணை மேகத்தின் கையில். தமிழில் பொன்முகலி என்று பெயர் பெற்ற சுவர்ணமுகி ஆறு, வருடத்தில் பல மாதம் வெறும் மணல். அப்போது அலசலுக்குக் கிணறும் ஆழ்துளைக் குழாயுமே கதி. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நீர் வரும், வெயில் போய்விடும். நீர் மாறினால் நிறத்தின் சாயலும் மாறும் என்பது தொழிலில் உள்ளவர்களின் அனுபவம்.

ஏறக்குறைய அழியும் நிலைக்குப் போன இந்தக் கலைக்கு 1950களின் இறுதியில் காளஹஸ்தியில் தொடங்கிய அரசுப் பயிற்சி மையம் உயிர் தந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சி அது. ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடும், தமிழகத்தின் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் அதே அந்தஸ்தும் வந்தன. ஆனாலும் ஸ்கிரீன் பிரிண்ட்டில் அச்சடித்த துணியை 'கலம்காரி' என்று சொல்லி விற்கும் கடைக்காரரைக் குறியீடு பெரிதாக அசைத்துவிடவில்லை. அச்சுத் துணிக்கு ஊறல் இல்லை, வெயில் இல்லை. காலையில் ஆர்டர், மாலையில் பார்சல். வாடிக்கையாளரும் தேதி கேட்கிறார். அவசரத்துக்குப் பணிந்து ரசாயனச் சாயத்துக்கு மாறிய பட்டறைகளைக் குறை சொல்வது சுலபம். பாதித் துணிகளின் மேல் கடன் கொடுக்க வங்கிகள் தயாராக இருந்திருந்தால் அவற்றில் சில மாறாமலே இருந்திருக்கும்.

வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: மூக்கை நம்புவது. முறைப்படி செய்த புதுத்துணியில் லேசான பால் வாடை இருக்கும். பலர் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பது வேறு விஷயம்.

பட்டறையின் மூலையில் மூடிவைத்த பானைக்குள் இரும்பும் வெல்லமும் புளித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கறுப்பு ஏறவேண்டிய துணி இன்னும் கடையிலிருந்தே வரவில்லை.