மாமாவின் வில்வண்டி

பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். 1943-ல் அங்கே பிறந்தவர் உலகத்துக்கே பாட்டுப் போட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் ஒரு காரின் முனகல்தான் காதில் விழும். என் தாய்மாமாவின் ஹெரால்டு.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு கார் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961-லிருந்து நம்ம மெட்ராஸிலேயே தயாராகி வந்த கார். உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். மாமாவிடம் இருப்பது ரெண்டு கதவு வைத்த பழைய மாடல். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. 1979-ல் கல்யாணமான புதிதில் அத்தையை உட்கார வைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறியது அந்தக் காரில்தான். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. "ஒரு எடத்துலகூட ரிவர்ஸ் போடலை மாப்ள!" என்பார், நேற்று நடந்த மாதிரி. பொய்யில்லை. அந்தக் காரின் முன்சக்கரம் மற்ற கார்களைவிட ரொம்ப அதிகமாகத் திரும்பும். ஆட்டோ மாதிரி நின்ற இடத்தில் சுற்றி வரும்.

ஆனால் அத்தை அந்தக் காரில் ஏறி நாலு வருஷம் ஆகிறது. இடுப்பு வலி. தேவாரத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போவதென்றால்கூட பஸ்தான். "ஒங்க வண்டியில போயி வலிய ஏத்திக்கிட்டு வர்றதுக்கு, நான் வலியோடயே பஸ்ல போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். மாமா வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். தினமும் காலையில் காரைத் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் உறும விட்டு, ஆஃப் செய்துவிட்டு வருவார். அவ்வளவுதான், எங்கும் போவதில்லை.

இந்த நிலைமையில்தான் மாமா பையன் கவெண்ட்ரியிலிருந்து லீவில் வந்தான். ஹெரால்டு பிறந்த ஊரே அதுதான். அங்கே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்கு அடியில் படுத்துக் கிடப்பானாம். (அவன் பெண்டாட்டி சொன்னது.) 1962-ல் வந்த அந்த ஸ்பிட்ஃபயர், ஹெரால்டுக்குச் சொந்தத் தம்பி. முன்பக்க ஸ்பிரிங், கைகள் எல்லாம் ஒரே ஜாடை. லோட்டஸ்காரர்களே தங்கள் ஈலான் காருக்கு இந்த டிரையம்ஃப் முன்சக்கரத் தாங்கியைத்தான் வாங்கிப் போட்டார்கள். ஆக, மாமா வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அறுபது வருஷமாக வேஷம் மாறி நிற்கிறது.

பையன் பெட்டியைத் திறந்தான். அத்தை சாக்லேட்டை எதிர்பார்த்தாள். வெளியே வந்ததோ சட்டை துணிகளில் சுற்றிய நாலு இரும்புக் குழாய், ரெண்டு ஸ்பிரிங்.

"என்னடா இது, போர்வெல் பம்பா?"

"அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்ம்மா. நீ மறுபடி கார்ல ஏறுவே பாரு."

அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். அது சம்மதமா, கோபமா என்று நாற்பது வருஷமாக மாமாவுக்கே தெரியாது.

சஸ்பென்ஷன் என்றால் பெரிய வித்தை இல்லை. அந்தக் காலத்தில் பண்ணையார்கள் போன வில்வண்டிதான். இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து, அதன்மேல் கூண்டை உட்கார வைத்தார்கள். சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மேலே இருக்கிறவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே போகலாம். ஐரோப்பாவிலும் கதை இதுதான். ஷாக் அப்சார்பருக்குப் பெயர்போன கோனி கம்பெனி, 1857-ல் ஹாலந்தில் குதிரை வண்டிச் சாமான்கள் செய்யத்தான் ஆரம்பித்தது.

வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த ஊர் வரை தொட்டில் மாதிரி ஆடும். வில்வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தை அடக்கிவிடும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் கிடையாது. அதனால்தான் அதற்குள் ஷாக் அப்சார்பர். சின்ன வயதில் பீச்சாங்குழல் வைத்துத் தண்ணீர் அடித்திருப்பீர்களே, மெதுவாக அமுக்கினால் போகும், வேகமாக அமுக்கினால் எதிர்க்கும். அதே சமாசாரம், தண்ணீருக்குப் பதில் எண்ணெய். பையன் கொண்டுவந்ததில் ஒரு திருகு இருந்தது. திருகினால் உள்ளே எண்ணெய் போகிற வழி குறுகும், ஆட்டம் சீக்கிரம் அடங்கும். தளர்த்தினால் கொஞ்சம் மிதக்கும். இது போக, குழாயின் மேல் மரை போட்ட ஒரு வளையம். அதன்மேல்தான் ஸ்பிரிங் உட்காரும். வளையத்தை ஏற்றினால் கார் உயரும், இறக்கினால் தாழும்.

இந்த வளையம் எதற்கு என்பதில்தான் ஊரில் பாதிப்பேர் தப்புப் பண்ணுகிறார்கள். "வளையத்த ஏத்துனா ஸ்பிரிங் டைட்டாயிரும்" என்றார் அடுத்த வீட்டு ஜீப் அண்ணன். தினமும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் வருகிறவர். அவருடைய ஜீப்பில் பின்னால் ஒரு கமான் பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார். ஆள் ஏறினால் ஜம்மென்று போகும். காலியாகத் திரும்பினால் வெள்ளாட்டுக் குட்டி மாதிரி துள்ளும். பட்டை கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும், அது நிஜம். வளையம் அப்படியில்லை. முக்காலிமேல் ஏறி நிற்கிறவன் உயரமாகத் தெரிவான், பலசாலி ஆகிவிட மாட்டான்.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பம். ஹெரால்டின் பானெட் முன்புறமாக மொத்தமும் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், சக்கரம் எல்லாம் கடை விரித்த மாதிரி தெரியும். டயர் மேல் ஏறி உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் பல்பு மாற்றக்கூட பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

ஜாக்கி போட்டு, அதை நம்பாமல் அடியில் ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தான். "ஜாக்கி நிக்குதே, அப்புறம் எதுக்குப்பா ஸ்டாண்டு?" என்றார் மாமா. "ஜாக்கி தூக்குறதுக்குப்பா, தாங்குறதுக்கு இல்ல." மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு. நட்டுகள் துருப்பிடித்து அசையாமல் இருந்தன. டீசல் ஊற்றி, காபி குடித்து, மறுபடி டீசல் ஊற்றி, ஒருவழியாக ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கட்டாக வெளியே வந்தன. பழசின் தலையில் இருக்கிற தட்டைக் கழற்றிப் புதுசில் மாட்ட வேண்டும். அங்கேதான் வினை.

வெளியே எடுத்துவிட்டாலும் ஸ்பிரிங் அந்தக் கட்டுக்குள் அமுங்கியேதான் இருக்கும். நடு நட்டைக் கழற்றினால் சீறிக்கொண்டு வரும். அதை அமுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று ஒரு சாமான் உண்டு. பையன் அதை கவெண்ட்ரியில் வைத்துவிட்டு வந்துவிட்டான். (மறக்காமல் கொண்டுவந்தது, ரெண்டு டஜன் டீ பாக்கெட். தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து ஊருக்கு!) உத்தமபாளையத்தில் வாடகைக்குக் கேட்டு வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "நான் வர்றவரைக்கும் யாரும் தொடாதீங்க."

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்க நாங்கள் என்ன வெளிநாட்டுக்காரர்களா? அவன் தெரு முனை திரும்பியதும் மாமா சொன்னார்: "அமுக்கிப் பிடிக்க ஒரு மிஷினாம்! மாட்டுக் கயித்தப் போட்டு இறுக்குனா போச்சு." கயிறு வந்தது. மூன்று சுற்று. நான் கட்டைக் காலால் மிதித்துக்கொண்டேன். மாமா குனிந்து ஸ்பேனரைப் போட்டார். நட்டு நாலு சுற்று வந்திருக்கும். அதற்கப்புறம் கை பிடிக்காமலே அது தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

"என்னங்க, போன் வந்திருக்கு" என்று அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டாள். மாமா தலையை நிமிர்த்தித் திரும்பினார். கயிறு அறுந்தது. வெடிச் சத்தம். அவர் முகம் இருந்த இடத்தைக் கடந்துபோன தட்டு, மாட்டுக் கொட்டகைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஸ்பிரிங் கிணற்றடியில் கிடந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடிவிட்டது.

யாரும் பேசவில்லை. மாமா மெதுவாகத் திண்ணையில் உட்கார்ந்தார். கை நடுங்கியது. அத்தை வந்து தகரத்து ஓட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறு பக்கத்தை வாடகைக் கம்ப்ரஸர் வைத்துப் பையனே கழற்றினான். எங்கள் ரெண்டு பேரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தான். நின்றோம்.

சாயங்காலம் முதல் ஓட்டம். கோம்பை ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். எனக்குப் பல் ஆடியது. "இப்பத்தாம்ப்பா ஸ்டெடியா இருக்கு!" என்றான் பையன். திருகை முழுக்க இறுக்கி வைத்திருந்தான், கவெண்ட்ரி ரோட்டு ஞாபகத்தில். ஜீப் அண்ணன் சொன்னபடி வளையமும் உச்சாணியில். போதாக்குறைக்கு வீல் ஆடும்போதெல்லாம் 'கிரீச்... கிரீச்' என்று ஒரு சத்தம். இந்த ஊரில் போய் இப்படி ஓர் அபசுரமா!

சத்தத்தின் காரணத்தை ராத்திரி கண்டுபிடித்தான். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறான். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட்டுகளைக் கையளவில் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, பாரம் ஏற்றி, அப்புறம்தான் முடுக்க வேண்டும். பாரத்துக்கு எங்கே போவது? மாமா டிரைவர் சீட்டில் தினத்தந்தியோடு ஒரு மணி நேரம் உட்கார வைக்கப்பட்டார். பக்கத்து சீட்டில் அத்தைக்குப் பதில் அரிசி மூட்டைகள்.

"எத்தனை கிலோ வச்சிருக்கீக?"

"எழுவதும்மா."

"யாரு சொன்னது நான் எழுவதுன்னு? ஒரு மூட்டைய எறக்கு!"

இறக்கினான். ரெண்டு பக்கமும் தரையிலிருந்து உயரத்தை டேப் வைத்து அளந்து வளையங்களைச் சரி செய்தான். உயரத்தை மாற்றினால் சக்கரத்தின் சாய்மானமும் மாறிவிடும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிச் சாய்வு பார்த்தோம். நூல் கட்டி நேர் பார்த்தோம். அப்புறமும் தேனிக்குப் போய் மிஷினில் வீல் அலைன்மென்ட் பார்த்துத்தான் வந்தான், அதில் சோம்பல் கூடாது என்று. ஆர்.சி. புக்கையும் எடுத்துப் புரட்டினான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, அந்தப் புத்தகத்தில் இருக்கிற விவரம் மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது. ஷாக் அப்சார்பர் அந்தப் பட்டியலில் வரவில்லை.

எந்த அளவில் வைப்பது என்பதில் சண்டை. பையனுக்குத் தாழ்வாகவும் இறுக்கமாகவும் வேண்டும். மாமாவுக்கு மெத்தை மாதிரி வேண்டும். ஜீப் அண்ணனுக்கு உயரம் வேண்டும், வேகத்தடைக்காக. அவர் கவலை நியாயம்தான். வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று விதி இருக்கிறது. நம் ஊர்களில் வீட்டுக்கு முன்னால் ஆளாளுக்குச் சிமெண்டைக் கொட்டி, சமாதி கட்டிய மாதிரி வைத்திருக்கிறார்கள். தாழ்த்தினால் அடிவயிறு கிழியும்.

முடிவைச் சொன்னது செம்பு. முக்கால் செம்புத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு அத்தை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நாலு வருஷத்துக்கு அப்புறம்! யாரும் கைதட்டவில்லை, பயம். தேவாரம் வரை போய் வந்தோம். முதல் தடவை புடவை நனைந்தது. திருகை ரெண்டு கிளிக் தளர்த்தினான். கொஞ்சம் சிந்தியது. இன்னும் ஒன்று தளர்த்தியதும் சிந்தவில்லை, ஆனால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து வந்தது. ஒன்று இறுக்கினான். நின்றது.

அடுத்த ஞாயிறு போடிமெட்டு. ஏறும்போது கவலையில்லை. இறங்கும்போதுதான் பையன் மாமாவின் காதில் ஓதிக்கொண்டே வந்தான். இந்தப் பழைய ஹெரால்டுக்குப் பின்னால் குறுக்கு வாட்டில் ஒரே கமான் பட்டை. வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் அடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். எத்தனை விலைக்கு ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டாலும் அந்தக் குணம் முழுசாகப் போகாது. "வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சிருங்கப்பா." மாமா குறைத்தார்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவில் "நிறுத்துங்க" என்றாள் அத்தை. எல்லோருக்கும் பகீர். மாமா ஓரங்கட்டினார். இடுப்பா என்றார். அத்தை இறங்கி, கீழே விரிந்து கிடந்த பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

"இந்த எடத்துலதான் அன்னைக்கு வாந்தி எடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"அது கீழ, நாலாவது வளைவுல."

"இங்கதான்."

பையன் மறுவாரம் கவெண்ட்ரிக்குத் திரும்பிவிட்டான். போன வாரம் போனில் மாமாவிடம் கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒங்க அத்தைகிட்டக் கேளுங்க மாப்ள" என்று போனைக் கொடுத்துவிட்டார். தேவாரம் என்றால் ரெண்டு கிளிக் கம்மி, போடி என்றால் ஒன்று கூட என்று அவள் பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாளாம். ஏறுவதற்கு முன்னால் மாமாதான் குனிந்து திருக வேண்டும்.